கீசர், அடுப்பு, வணிகச் சமையலறை: கேஸ் விதிகள் எதைக் கேட்கின்றன, ஏன் கேட்கின்றன?

#1 வரைபடக்காரர்

ஒரு கட்டட வரைபடத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. தரைத்தளத்தில் வணிகச் சமையலறை, மொத்த பர்னர் சுமை 90 கிலோவாட். 19 கிலோ எல்பிஜி சிலிண்டர் ஆறு, மேனிஃபோல்டில் (பல சிலிண்டர்களை இணைக்கும் பொதுக் குழாய்). மேலே நான்கு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் 6 லிட்டர் கேஸ் கீசர், குளியலறைச் சுவரில். குளியலறை 1.5 × 2 மீட்டர், உயரம் 2.5. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. ஹோஸ், ரெகுலேட்டர், கசிவு டிடெக்டர், தீயணைப்பான் எல்லாம் பட்டியலில் ஏற்றியாகிவிட்டது. கசிவு விஷயத்தில் ஓட்டை இல்லை என்று நினைக்கிறேன். வேறென்ன விடுபட்டிருக்கிறது?

#2 நீலச்சுடர்

காற்று விடுபட்டிருக்கிறது. உங்கள் பட்டியல் முழுக்கக் குழாய்க்குள் இருக்கும் கேஸைப் பற்றியது. எரிந்த பிறகு என்ன ஆகிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கசிந்தால் மெர்காப்டன் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அதைக் கலக்கிறார்கள். அரைகுறையாக எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை.

கீசரை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி ஏற்ற 10.5 கிலோவாட் வேண்டும். திறன் 85 சதவீதம் என்றால் பர்னர் எரிப்பது சுமார் 12 கிலோவாட். புரோப்பேன் ஒரு பங்கு எரிய 24 பங்கு காற்று தேவை, பியூட்டேனுக்கு 31. கிலோவாட் கணக்கில் சொன்னால் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் காற்று. அப்படியானால் இந்தக் கீசர் மணிக்கு 12 கன மீட்டர் குடிக்கும். உங்கள் குளியலறையில் இருப்பது மொத்தமே 7.5 கன மீட்டர்.

காற்று முழுவதும் தீரும்வரை ஆபத்து காத்திருக்காது. ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18 பக்கம் இறங்கினாலே சுடர் கெடத் தொடங்கும். அது ஏழில் ஒரு பங்கு, அதாவது 1.07 கன மீட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜன். மணிக்கு 12 என்ற வேகத்தில் 5 நிமிடம் 20 விநாடி. கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியே கொஞ்சம் உள்ளே வரும் என்பதால் நடைமுறையில் இன்னும் சற்று நேரம் பிடிக்கும். ஆனால் குளியல் நேரம் அதைவிட நீளம்.

அதற்கப்புறம் நடப்பதுதான் மோசம். ஆக்சிஜன் குறையக் குறைய மோனாக்சைடு வேகமாக ஏறும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். தலை கனக்கும், கால் தளரும். கதவைத் திறக்கத் தோன்றுவதற்கு முன்பே ஆள் விழுந்துவிடுவார்.

#3 வால்வுதாசன்

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்றுதானே எழுதியிருக்கிறார்? கீசர் ஸ்விட்சோடு அதையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததே. இத்தனை கணக்கு எதற்கு?

#4 நீலச்சுடர்

முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வர வேண்டும். கதவு சாத்தி, ஜன்னல் சாத்தி, கதவடியில் திறப்பும் இல்லை என்றால் ஃபேன் சுற்றும், சத்தம் போடும், நகர்த்தும் காற்று கொஞ்சம்தான்.

கீசருக்குப் புகைக்குழாய் இருந்தால் இன்னும் சிக்கல். 2 மீட்டர் உயரப் புகைக்குழாயில் 100 டிகிரி சூட்டில் புகை ஏறினால் கிடைக்கும் இழுவிசை வெறும் 5 பாஸ்கல். தண்ணீர்மட்டத்தில் அரை மில்லிமீட்டர். மூடிய அறையில் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். விளைவு, மேலே போக வேண்டிய புகையை ஃபேன் குழாய் வழியே கீழே இறக்கி, குளிப்பவர் முகத்துக்கு நேரே கொண்டுவரும். நல்லது செய்வதாக நினைத்து மாட்டிய ஃபேன்தான் அங்கே எமன். அதே வீட்டுச் சமையலறையில் இருக்கும் சிம்னி ஹூட்கூட, குளியலறைக் கதவு திறந்திருந்தால் இதே வேலையைச் செய்யும்.

சோதிக்கும் முறை:

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துங்கள். வீட்டிலுள்ள எக்ஸாஸ்ட் ஃபேன், ஹூட் அனைத்தையும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். கீசரை முழுச் சூட்டில் 10 நிமிடம் எரியவிட்டுவிட்டு, புகைத் தீக்குச்சி அல்லது ஊதுபத்தியை இழுவைத் தடுப்பின் (கீசர் மேல், புகைக்குழாய் தொடங்கும் இடத்திலுள்ள திறப்பு) விளிம்பு ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே சுருண்டு வந்தால் தோல்வி. உடனே கீசரை அணைத்து, குழாயைப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டிவிட வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்தால் தேறுகிறதே என்று சமாதானம் சொல்லக்கூடாது. இந்தச் சோதனையின்போது அறைக்குள் மோனாக்சைடு அலாரமோ அளவியோ இல்லாமல் யாரும் நிற்கவும் கூடாது.

#5 விதிப்புத்தகம்

வரைபடம் சட்டத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால் ஒன்று. பிரிட்டனின் 1998 ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு (நிறுவல், பயன்பாடு) விதிகள் இந்த வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. குளியலறையிலோ ஷவர் அறையிலோ அறைக்காற்றோடு தொடர்பில்லாத, மூடிய எரியறைக் கருவியைத் தவிர வேறு எதையும் நிறுவக்கூடாது. வெளிக்காற்றைத் தானே இழுத்து, புகையைத் தானே வெளியே தள்ளும் இரட்டைக் குழாய் வகை அது. படுக்கும் அறையில் 14 கிலோவாட்டுக்கு மேல் என்றால் அதே கட்டளை. 14 அல்லது அதற்குக் கீழ் என்றால், மூடிய வகையாக இருக்க வேண்டும். இல்லையேல் ஆபத்தான அளவு புகை சேருமுன் தானே அணையும் பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும்.

எந்த நாட்டு விதியாக இருந்தாலும் கருவியின் கையேடு அதற்குத் துணை. "காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்தவும்" என்று அச்சடித்திருந்தால் அதன் அர்த்தம் ஜன்னல் இருக்கும் அறை என்பதல்ல. மூட முடியாத திறப்பு என்பதுதான்.

வரைபடத்தில் திருத்தம் எளிது. கீசரை வெளிச்சுவருக்கோ திறந்த பயன்பாட்டுப் பால்கனிக்கோ மாற்றுங்கள். குளியலறைக்குள் சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் வரட்டும்.

#6 தேடல்நாயகி

கீசரை மாற்ற இடமே இல்லாத பழைய கட்டடங்களில் மோனாக்சைடு அலாரம் மாட்டிச் சமாளிக்கலாமா? கசிவு டிடெக்டரே இதையும் பிடிக்காதா?

#7 விதிப்புத்தகம்

இரண்டும் வேறு வேறு கருவி. பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் வரும் குழப்பம்.

எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். அதன் டிடெக்டர் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள். குழாய் வழி இயற்கை எரிவாயு இலேசு, அதற்குக் கூரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள். மோனாக்சைடு கிட்டத்தட்ட காற்றின் எடைதான், எங்கும் கலந்து நிற்கும். அதன் அலாரத்தைக் கருவியிலிருந்து பக்கவாட்டில் 1 முதல் 3 மீட்டர் தள்ளி, கையேடு சொல்லும் உயரத்தில் மாட்ட வேண்டும். திரைச்சீலைக்குப் பின்னால், அலமாரிக்குள், ஃபேன் காற்று நேராக அடிக்கும் இடத்தில் மாட்டினால் இருந்தும் இல்லாத கணக்கு.

அலாரம் உடனே அலறாது. ஐரோப்பியத் தரம் இஎன் 50291 படி, காற்றில் மோனாக்சைடு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 பிபிஎம் என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 பிபிஎம் என்றால் 3 நிமிடத்துக்குள் அலற வேண்டும். லைட்டர் புகையை அருகே காட்டிச் சத்தம் வரவில்லை என்பதற்காகப் பழுது என்று தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு, பெட்டியின் பின்னால் மாற்ற வேண்டிய தேதி இருக்கும். பட்டனை அழுத்தினால் வரும் சத்தம் பேட்டரியும் மணியும் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது.

சமாளிக்கலாமா என்றால், கூடாது. அலாரம் ஆளை எழுப்பும், காற்றைக் கொண்டுவராது. இன்னொன்று, இவை ஈரமான குளியலறைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

#8 முக்கால்இன்ச்

கீழ்த்தளத்துக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். அங்கே இரண்டு தனித்தனிப் பிரச்சினை.

முதலாவது சிலிண்டர் எண்ணிக்கை. கட்டடம் இந்தியாவில் என்றால், 2016 கேஸ் சிலிண்டர் விதிகளின்படி உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய எல்பிஜி 100 கிலோ வரைதான். 19 கிலோ சிலிண்டர் ஐந்து 95 கிலோ, ஆறு 114. ஆறாவது சிலிண்டர் வந்ததுமே பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) உரிமம் தேவைப்படும் இடமாக அது மாறிவிடுகிறது. ஆறையும் மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு மூலையில் வைத்தால் தப்பலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. ஒரே வளாகம், ஒரே கணக்கு.

இரண்டாவது, ஐந்தோ ஆறோ, 90 கிலோவாட்டுக்கு அவை காணாது. எல்பிஜி ஒரு கிலோவுக்குச் சுமார் 12.8 கிலோவாட்-மணி. 90 கிலோவாட் என்றால் மணிக்கு 7 கிலோ. வழக்கம்போல மூன்று ஓடும், மூன்று காத்திருக்கும் என்று மேனிஃபோல்டு போட்டால் ஒரு சிலிண்டரிலிருந்து மணிக்கு 2.3 கிலோ. ஒரு கிலோ திரவம் ஆவியாக 350 முதல் 400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்து மட்டுமே வர முடியும். வராதபோது திரவம் தன்னையே குளிர்வித்துக்கொள்ளும். வெளியே முதலில் வேர்க்கும், பிறகு திரவ மட்டம் வரைக்கும் வெள்ளையாகப் பனி படியும். அழுத்தம் விழும், பர்னர் மங்கும், ஆனால் சிலிண்டரை எடைபோட்டால் பாதி மிச்சம் இருக்கும்.

தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன: வெந்நீர் ஊற்றுவது, சிலிண்டரைப் படுக்கவைப்பது, ஈரச் சாக்கை அடுப்பில் காட்டிச் சுற்றுவது. படுக்கவைத்தால் வால்வு வழியே ஆவிக்குப் பதில் திரவமே வரும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் ஆவியாக விரியும். பர்னரில் அது தீப்பந்தமாக வெளியே வரும். சரியான வழி, உரிமத்தோடு கூடுதல் சிலிண்டர்களை ஒரே நேரத்தில் ஓடவிடுவது, இல்லையேல் திரவம் எடுக்கும் சிலிண்டரோடு வேப்பரைசர் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கருவி) போடுவது. இரண்டும் முடியாதென்றால் பர்னர் சுமையைக் குறையுங்கள்.

மேனிஃபோல்டு இருக்கும் இடம்: நிமிர்த்தி, சங்கிலி போட்டு, காற்று ஓடும் கம்பி வலைக்குள். வலையின் அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் கசிவது தரையோடுதான் ஊரும். அருகில் சாக்கடை வாய், கேபிள் பள்ளம், அடித்தளப் படிக்கட்டு எதுவும் கூடாது. பிக்டெயில் (சிலிண்டரை மேனிஃபோல்டோடு இணைக்கும் குழாய்) ஒவ்வொன்றுக்கும் ஒரு திரும்பா வால்வு. அது இல்லாமல் ஒரு சிலிண்டரைக் கழற்றினால் மற்றவற்றின் கேஸ் அந்த வாய் வழியே வெளியேறும்.

#9 வால்வுதாசன்

ஃபேன் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வணிகச் சமையலறையில் ஹூட் ஃபேன் ஓடாவிட்டால் கேஸே வராதபடி இணைக்கச் சொல்கிறார்களே. இங்கே மட்டும் ஃபேன் எப்படி நல்லதாகிறது?

#10 நீலச்சுடர்

நல்ல கேள்வி. சமையலறையில் பெரும்பாலான அடுப்புக்குப் புகைக்குழாயே இல்லை, ஹூட்தான் புகைக்குழாய். அதனால் ஃபேன் நின்றால் கேஸும் நிற்க வேண்டும். ஃபேன் வழித்தடத்தில் காற்றழுத்த ஸ்விட்ச், அது சொன்னால்தான் கேஸ் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) திறக்கும். பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 6173 இதைத்தான் கேட்கிறது. மின்சாரம் ஃபேனுக்குப் போகிறதா என்று மட்டும் பார்க்கும் ரிலே போதாது. பெல்ட் அறுந்து மோட்டார் மட்டும் சுற்றினாலும் ரிலே எல்லாம் சரி என்றே சொல்லும்.

உள்வரும் காற்று இங்கேயும் வேண்டும். ஹூட் இழுப்பதில் பெரும்பகுதியை ஈடுசெய்யும் அளவுக்கு வெளிக்காற்று வழி இருக்க வேண்டும். சோதிக்க அளவி தேவையில்லை: எல்லாம் ஓடும்போது வாசல் கதவைத் திறக்கக் கூடுதல் பலம் வேண்டியிருந்தாலோ, கதவு தானாக உள்ளே இழுபட்டாலோ, உள்வரும் காற்று போதவில்லை.

ஒரு பொறி இருக்கிறது. மின்தடை வந்தால் சோலனாய்டு மூடும், பர்னர்கள் அணையும். மின்சாரம் திரும்பும்போது சோலனாய்டு தானாகத் திறந்தால், மூடாமல் விட்ட ஒவ்வொரு குமிழ் வழியாகவும் எரியாத கேஸ் கொட்டும். ஆகவே தானாகத் திறக்கும் வகை கூடவே கூடாது. கையால் மீட்டமைக்கும் வகை வேண்டும். அதிலும் நல்லது, திறப்பதற்கு முன் குழாயில் சிறிது அழுத்தம் ஏற்றி, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுமதிக்கும் வகை.

பர்னர் ஒவ்வொன்றிலும் சுடர் அணைவுப் பாதுகாப்பு இருந்தால் இந்தப் பயம் பாதி குறையும். அது எளிய பொருள். சுடரில் நனையும் தெர்மோகப்பிள் முனை சில பத்து மில்லிவோல்ட் தரும், அந்தச் சொற்ப மின்சாரம் ஒரு சின்னக் காந்தத்தைப் பிடித்து வால்வைத் திறந்து வைக்கும். சுடர் போனால் முனை ஆறும், சுமார் ஒரு நிமிடத்தில் வால்வு மூடும். குமிழை விட்டதும் அடுப்பு அணைகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் முனையில் படிந்த எண்ணெய்க் கரி, அல்லது முனை சுடரை விட்டு நகர்ந்திருப்பது. துடைத்து, நேராக்கினால் போதும். குமிழை அழுத்தியபடி கம்பியால் கட்டிவிடுவது "ரிப்பேர்" அல்ல.

#11 தேடல்நாயகி

சோப்பு நுரை போட்டுப் பார்த்தாயிற்று என்று சான்றிதழில் எழுதினால் கசிவுச் சோதனை முடிந்ததாக அர்த்தமா?

#12 முக்கால்இன்ச்

இல்லை. நுரை கசிவு எங்கே என்று காட்டும், கசிவே இல்லை என்று நிரூபிக்காது. சுவருக்குள் போன இணைப்பில் நுரை எப்படிப் போடுவீர்கள்? நிரூபிக்கத் தண்ணீர் நிரப்பிய யூ வடிவ மனோமீட்டர் (அழுத்தமானி) வேண்டும். 1 மில்லிபார் என்பது தண்ணீர்மட்டத்தில் சுமார் 10 மில்லிமீட்டர், கண்ணாலேயே தெரியும்.

வீட்டு அளவிலான குழாய்க்கு, கருவிகளின் குமிழ்கள் எல்லாம் மூடி, சோதனை முனையில் மனோமீட்டரை மாட்டுங்கள். முதலில் பிரதான வால்வு உண்மையில் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தத்தை 10 மில்லிபார் அளவுக்கு மட்டும் ஏற்றி, வால்வை மூடி ஒரு நிமிடம் பாருங்கள். மட்டம் ஏறினால் மூடிய வால்வு கேஸை உள்ளே விடுகிறது, அதை மாற்றாமல் மேற்கொண்டு பார்ப்பதில் பயனில்லை. கசிவும் வால்வு விடுவதும் ஒன்றையொன்று மறைத்து, தேறியதாகக் காட்டிவிடும். மட்டம் அசையாவிட்டால் வேலை அழுத்தம் வரை ஏற்றுங்கள். இயற்கை எரிவாயுவுக்கு 20 மில்லிபார், எல்பிஜிக்கு ரெகுலேட்டரைப் பொறுத்து 28 முதல் 37. வெப்பநிலை நிலைபெற விடுங்கள். இயற்கை எரிவாயுவுக்கு ஒரு நிமிடம், எல்பிஜிக்கு ஐந்து. பிறகு இரண்டு நிமிடம் கவனியுங்கள். புதுக் குழாயில் இறக்கமே கூடாது. வெயில் நேராக அடிக்கும் குழாயில் சோதித்தால் சூடு அழுத்தத்தை ஏற்றி, கசிவை மூடிக் காட்டும். காலையில் பாருங்கள்.

நுரைக்குப் பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். அம்மோனியா, குளோரைடு கலந்தவை பித்தளை நட்டையும் ஸ்டீல் ஹோஸையும் மெல்ல விரிசல் விட வைக்கும். கசிவு காட்டும் திரவம் என்றே விற்கிறார்கள். எது போட்டாலும் பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

டேப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழாய்க்கான மெல்லிய வெள்ளை டேப் கேஸுக்கு ஆகாது. கேஸுக்கென்று தடித்த வகை உண்டு, அதுவும் கூம்பு மரைக்கு மட்டும். வாஷர் வைத்து இறுகும் இணைப்பிலோ, குழாய் வாயை விரித்து இறுக்கும் ஃபிளேர் இணைப்பிலோ டேப் சுற்றினால், உலோகம் உலோகத்தோடு உட்காராமல் டேப்தான் இடையில் நின்று கசிவை உண்டாக்கும்.

#13 வரைபடக்காரர்

வீட்டு ஹோஸ் பற்றிக் குறிப்பில் "தேவைப்படும்போது மாற்றவும்" என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

#14 விதிப்புத்தகம்

போதாது. தேவைப்படும்போது என்றால் யாரும் மாற்ற மாட்டார்கள். தேதி எழுதுங்கள். இந்தியாவில் ஐஎஸ் 9573 முத்திரையுள்ள சுரக்ஷா ஹோஸ், 5 ஆண்டுக்கு ஒருமுறை. நீளம் 1.5 மீட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒட்டு கூடாது, சுவருக்குள்ளோ ஓவன் அடுப்பின் பின்புறமோ போகக்கூடாது, மேலே உறை மாட்டி மறைக்கவும் கூடாது. வளைத்துப் பார்த்தால் மேல்தோலில் மயிரிழை விரிசல் தெரிகிறதென்றால் தேதி பாக்கி இருந்தாலும் மாற்ற வேண்டியதே.

சிலிண்டர் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். அது மறுசோதனைக்கான கெடு. தாண்டியிருந்தால் இறக்காமலே திருப்பி அனுப்பலாம்.

#15 தேடல்நாயகி

கடைசியாக ஒன்று. மேல்வீடுகளில் பின்னால் குழாய் எரிவாயு வந்தால், இருக்கும் எல்பிஜி அடுப்பையும் கீசரையும் அப்படியே மாட்டிக்கொள்ளலாமா?

#16 முக்கால்இன்ச்

கூடாது. எல்பிஜி ஜெட் துளை சிறியது. அதில் இயற்கை எரிவாயு வந்தால் சுடர் சோனியாக நிற்கும், பால் காய்ச்சவே சலிக்கும். ஆளுக்கு ஆபத்து மறுபக்கம்: இயற்கை எரிவாயு ஜெட்டில் எல்பிஜி போனால் மஞ்சளாக நீண்டு, பாத்திரமெல்லாம் கரி பூசி, மோனாக்சைடு கக்கும். மாற்றும்போது ஜெட், காற்றுத் தடுப்பு, சிறுசுடர் திருகு மூன்றையும் தொட வேண்டும். கீசரில் கூடவே அழுத்தச் சீரமைப்பும். தயாரிப்பாளரின் மாற்றுத் தொகுதி இல்லாத மாடலை மாற்றவே முடியாது. ஜெட்டை ஊசியால் பெரிதாக்கும் கைவேலையை யார் செய்தாலும் நிறுத்துங்கள்.

ஆரஞ்சுப் பொறி பறக்கும் சுடரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தூசியோ உப்போ எரிந்தால் அப்படித் தெரியும், சற்றில் மறையும். நுனி விடாமல் மஞ்சளாக நின்றால்தான் காற்றுக் குறை. சுடர் பர்னரை விட்டு எழும்பி இரைந்தால் காற்றோ அழுத்தமோ மிகுதி.

#17 வரைபடக்காரர்

திருத்தியாகிவிட்டது. நான்கு கீசரும் வெளிப்பால்கனிக்குப் போய்விட்டன. சிலிண்டர் எட்டு, ஒரே நேரத்தில் எட்டும் ஓடும்படி, உரிம விண்ணப்பத்தோடு. ஹூட்டுக்குக் காற்றழுத்த ஸ்விட்சும் கையால் மீட்டமைக்கும் சோலனாய்டும் சேர்த்துவிட்டேன். அவசர அடைப்பு வால்வை மேனிஃபோல்டு கூண்டுக்குள் காட்டியிருக்கிறேன், சரிதானே?

#18 நீலச்சுடர்

கூண்டுக்குள் ஒன்று இருக்கட்டும். அது போதாது. தீ சமையலறையில் என்றால் ஊழியர் ஓடுவது வாசலை நோக்கி, கூண்டை நோக்கியல்ல. வெளியேறும் கதவருகே, உள்பக்கம், கைக்கெட்டும் உயரத்தில், கால் சுற்றுத் திருப்பினாலே மூடும் வால்வு ஒன்று வேண்டும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் அடைப்பு. அதன் முன்னால் குளிர்சாதனப் பெட்டியோ அரிசி மூட்டையோ வைக்க முடியாதபடி வரைபடத்தில் தரையில் ஒரு மஞ்சள் கட்டம் போட்டுவிடுங்கள்.